கால்சியம் குளோரைடின் சவ்வூடு பரவல் அழுத்தம்: 2-ஆல் பெருக்குவதா, 3-ஆல் பெருக்குவதா?

மோல்மீன் மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வேதியியல் பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. சயாமா (எங்கள் ஆசிரியை) அதைப் பர்மிய மொழியில் விளக்குகிறார். இரவில் நான் அப்பாவிடம் தமிழில் ஒப்பிக்கிறேன். இந்த மூன்று மொழிகளுக்கு நடுவில் எந்த இடத்தில் ஒரு குளோரைடைத் தொலைத்தேன் என்று தெரியவில்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

கணக்கு இது. 3.33 கிராம் நீரற்ற கால்சியம் குளோரைடை நீரில் கரைத்து 500 மில்லிலிட்டர் கரைசலாக்கியிருக்கிறார்கள். உப்பு முழுவதும் அயனிகளாகப் பிரிகிறது என்று கொண்டு, 27 டிகிரி செல்சியசில் கரைசலின் சவ்வூடு பரவல் அழுத்தத்தைக் கணக்கிட வேண்டும்.

நான் செய்ததைச் சொல்கிறேன். மோலார் நிறை 111, ஆகவே 3.33 கிராம் என்பது 0.03 மோல். அரை லிட்டரில் 0.03 மோல் இருப்பதால் மோலாரிட்டி 0.06. வாயு மாறிலி 0.08206, வெப்பநிலை 300 கெல்வின். இவற்றைப் பெருக்கினால் 1.48 அட்மாஸ்பியர் வருகிறது. இது அயனிச் சேர்மம் என்பதால், கால்சியத்துக்கு ஒன்று, குளோரைடுக்கு ஒன்று என எண்ணி 2-ஆல் பெருக்கி 2.95 என்று எழுதினேன். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் உள்ள விடை 4.43. என் தோழிக்கோ 0.40 வந்திருக்கிறது, அவள் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தாள் என்பது எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. அதே பாடத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. 0.05 மோலால் (ஒரு கிலோ நீருக்கு 0.05 மோல்) கரைசல்களில் அளந்து பார்த்த வாண்ட் ஹாஃப் காரணி, அதாவது உப்பின் ஓர் அலகு எத்தனை துகள்களாகக் கணக்கில் வருகிறது என்ற எண், சோடியம் குளோரைடுக்கு 1.9, மக்னீசியம் குளோரைடுக்கு 2.7, மக்னீசியம் சல்பேட்டுக்கு 1.3 என்று அதில் போட்டிருக்கிறார்கள். அளந்தால் 2.7 வருமென்றால் கணக்கில் மட்டும் ஏன் முழு எண்ணைப் போடச் சொல்கிறார்கள்? மற்றொன்று, கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கேட்டுவிடுகிறேன்: கரைசலுக்கு 4.43 அட்மாஸ்பியர் அழுத்தம் இருக்கிறதென்றால் அந்த அழுத்தம் எங்கே இருக்கிறது? பீக்கரில் ஊற்றி வைத்தால் அது வெறும் தண்ணீரைப் போலத்தானே சும்மா இருக்கிறது?


இரங்கூன் டியூஷன் சயா எழுதியது:

தங்கைக்கு வணக்கம். கடைசிக் கேள்விக்குக் கூச்சப்படத் தேவையில்லை. இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன், அதைக் கேட்டவர்கள் மிகச் சிலரே. ஆனால் முதலில் கணக்கை முடித்துவிடுவோம்.

நீங்கள் எண்ணியது அயனிகளின் வகைகளை. சூத்திரம் கேட்பதோ அயனிகளின் எண்ணிக்கையை. கால்சியம் குளோரைடின் சூத்திரத்தில் குளோரினுக்குக் கீழே சிறிதாக ஒரு 2 இருக்கிறது அல்லவா? அந்த இரண்டு குளோரைடுகளும் நீரில் இறங்கியவுடன் தனித்தனியே பிரிந்து போய்விடுகின்றன. இரட்டையராகக் கைகோத்துக்கொண்டு திரிவதில்லை. ஆகவே ஒரு கால்சியம், இரண்டு குளோரைடு, மொத்தம் மூன்று துகள்கள். 1.477-ஐ 3-ஆல் பெருக்கினால் 4.43 வந்துவிடும். உங்கள் தோழி 3-ஐச் சரியாகப் போட்டிருக்கிறார்; ஆனால் 300-க்குப் பதிலாக 27-ஐ அப்படியே பெருக்கிவிட்டார். 3 × 0.06 × 0.08206 × 27 என்று போட்டுப் பாருங்கள், அவருடைய 0.40 கிடைக்கும். ஆக, இருவரும் ஆளுக்கொரு பாதியைச் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

சூத்திரத்தில் உள்ள அணுக்களையெல்லாம் கண்மூடித்தனமாக எண்ணினாலும் தவறுதான். சல்பேட்டில் ஒரு கந்தகமும் நான்கு ஆக்சிசனும் இருந்தாலும் அது ஒரே அயனியாகவே நீரில் உலவுகிறது; எனவே பொட்டாசியம் சல்பேட்டுக்கு எண்ணிக்கை 3. இதில் நன்றாகச் சிக்கவைப்பது பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடு. நான்கு பொட்டாசியம், ஓர் இரும்பு, ஆறு சயனைடு என்று கூட்டி 11 என்று எழுதும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். இரும்பும் ஆறு சயனைடுகளும் ஓர் அணைவு அயனியாக இறுகப் பிணைந்திருப்பதால் சரியான எண்ணிக்கை 5 தான். இந்த உப்பை எடுத்துக்காட்டாகச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1877-இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஃபெஃபர் சவ்வூடு பரவல் அழுத்தத்தை முதன்முதலாக ஒழுங்காக அளந்தபோது, மண்பாண்டத்தின் நுண்துளைகளுக்குள் காப்பர் ஃபெர்ரோசயனைடைப் படியவைத்து, அதையே கூறுபுகவிடும் சவ்வாகப் பயன்படுத்தினார். அவருடைய சர்க்கரைக் கரைசல் அளவீடுகளைத்தான் பத்தாண்டுகள் கழித்து வாண்ட் ஹாஃப் எடுத்துப் பார்த்து, நீர்த்த கரைசலின் சவ்வூடு பரவல் அழுத்தம் வாயுக்களின் விதியைப் போன்ற ஒரு விதிக்கு உட்படுகிறது என்று காட்டினார். 1901-இல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. நீங்கள் சூத்திரத்தில் போட்ட வாயு மாறிலி, வாயுவே இல்லாத ஒரு கணக்குக்குள் எப்படி நுழைந்தது என்று யாராவது கேட்டால், கதை இதுதான்.

இனி அந்த அழுத்தம் எங்கே இருக்கிறது என்ற கேள்வி. பீக்கரில் அது இல்லை. நீரை மட்டும் விட்டு உப்பைத் தடுக்கும் ஒரு சவ்வின் ஒரு புறம் இந்தக் கரைசலும் மறுபுறம் தூய நீரும் இருக்கும்போது, நீர் கரைசலுக்குள் நுழையப் பார்க்கும். அந்த நுழைவை நிறுத்துவதற்குக் கரைசலின் மேல் நாம் கொடுக்க வேண்டிய கூடுதல் அழுத்தத்துக்குத்தான் சவ்வூடு பரவல் அழுத்தம் என்று பெயர். ஒரு அட்மாஸ்பியர் என்பது ஏறக்குறைய 10.3 மீட்டர் உயர நீர்த்தம்பத்துக்குச் சமம். ஆகவே உங்கள் அரை லிட்டர் கரைசல், தகுந்த சவ்வு கிடைத்தால், 45 மீட்டருக்கு மேற்பட்ட நீர்த்தம்பத்தைத் தாங்கி நிற்கும். அதாவது பதினைந்து மாடி உயரம், மூன்றேகால் கிராம் உப்பால்! வீட்டிலேயே இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். ஊறுகாய்க்கு மாங்காயை நறுக்கி, எனாமல் சட்டியில் போட்டு, இரண்டு கை கல்லுப்பை விரவி மூடி வையுங்கள். சொட்டு நீரும் ஊற்றாமல் வைத்த சட்டியில் மறுநாள் காலையில் துண்டுகள் சுருங்கித் துவண்டு, அடியில் உப்புநீர் விரற்கடை ஆழத்துக்குத் தேங்கியிருக்கும். அங்கே சவ்வு, மாங்காயின் செல்களுக்கு உரியது.

ஒரு எச்சரிக்கை. கணக்கில் "நீரற்ற" என்ற சொல் இருப்பதைக் கவனித்தீர்களா? ஆய்வகத்து அலமாரியில் உள்ள புட்டியில் பெரும்பாலும் இருப்பது இரண்டு நீர் மூலக்கூறுகளைச் சேர்த்து வைத்திருக்கும் கால்சியம் குளோரைடு. அதன் மோலார் நிறை 147. அதில் 3.33 கிராம் நிறுத்துப் போட்டால் மோலாரிட்டி 0.0453 ஆகக் குறைந்து, அழுத்தம் 3.35 அட்மாஸ்பியர்தான் வரும். அந்த இரண்டு நீர் மூலக்கூறுகளும் கரைந்த பிறகு கரைப்பானோடு கலந்துவிடுகின்றன. அவற்றைத் துகள்களாகக் கூட்டி 5 என்று எழுதக் கூடாது.

2.7 பற்றிய கேள்வியை வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும். எனக்கு மாலை வகுப்பு இருக்கிறது.


பேகோ பழைய மாணவன் எழுதியது:

2.7 எங்கிருந்து வருகிறது என்பதற்கு நான் படித்த காலத்தில் ஒரு சூத்திரம் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு மூலக்கூறு பிரிந்தால் கிடைக்கும் அயனிகளின் எண்ணிக்கையிலிருந்து ஒன்றைக் கழித்து, அதைப் பிரிகை வீதத்தால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் வாண்ட் ஹாஃப் காரணி கிடைக்கும். மக்னீசியம் குளோரைடுக்கு 2.7 என்றால், 1.7-ஐ 2-ஆல் வகுத்தால் 0.85, அதாவது உப்பில் 85 விழுக்காடு மட்டுமே பிரிந்திருக்கிறது, மீதி 15 விழுக்காடு பிரியாமல் முழு மூலக்கூறாகவே கிடக்கிறது. புத்தகக் கணக்கில் "முழுவதும் பிரிகிறது" என்று சொல்லிவிட்டதால் 3 போடுகிறோம். இவ்வளவுதான் விஷயம் என்று நினைக்கிறேன்.


மாந்தலை மருந்தாளர் எழுதியது:

நான் மருந்தகத்தில் வேலை செய்கிறேன். இந்தக் கணக்கு எங்கள் கையில் தினமும் புழங்குகிறது என்பதால் இரண்டு எடுத்துக்காட்டுகளைத் தருகிறேன், தங்கைக்கு உதவக்கூடும்.

ஆஸ்பத்திரியில் ஏற்றும் 0.9 விழுக்காடு உப்புநீரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டரில் 9 கிராம் சோடியம் குளோரைடு, 58.44-ஆல் வகுத்தால் 0.154 மோல். துகள்கள் இரண்டு என்பதால் 0.308, அதாவது 308 மில்லிஆஸ்மோல். புட்டியின் மேல் ஒட்டிய தாளிலும் இந்த எண்தான் அச்சிடப்பட்டிருக்கும். உடல் வெப்பநிலையான 37 டிகிரிக்கு, அதாவது 310 கெல்வினுக்குக் கணக்கிட்டால் 7.84 அட்மாஸ்பியர் வருகிறது. ஆனால் கருவியில் வைத்து அளந்தால் ஒரு கிலோ நீருக்கு 286 மில்லிஆஸ்மோல் அளவில்தான் காட்டுகிறது. இரத்தத் தெளிநீரின் இயல்பான அளவு ஏறக்குறைய 280 முதல் 295 வரை. தாளில் உள்ள 308-ஐ மட்டும் பார்ப்பவருக்கு இந்த நீர் இரத்தத்தைவிடச் செறிவானது போலத் தோன்றும். அளவீட்டைப் பார்த்தவருக்குத்தான் அது இரத்தத்தோடு ஒத்துப்போவது தெரியும். தங்கை கேட்ட முழு எண்ணுக்கும் அளந்த எண்ணுக்கும் இடையிலான வேறுபாடு வெறும் தேர்வுத்தாள் விவகாரம் அன்று என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

இரண்டாவது, பல பொருள்கள் கலந்த கரைசல். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புக்கரைசல் பொட்டலத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். உலகச் சுகாதார அமைப்பின் வாய்பாட்டில் ஒரு லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், நீரற்ற குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், இரண்டு நீர் மூலக்கூறுகளைக் கொண்ட டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். இதற்கு ஒரே காரணியைத் தேடக் கூடாது. ஒவ்வொரு துகளையும் தனியே எண்ண வேண்டும்: சோடியம் 75 மில்லிமோல், குளோரைடு 65, குளுக்கோஸ் 75, பொட்டாசியம் 20, சிட்ரேட் 10; கூட்டினால் 245. சோடியம் இரண்டு உப்புகளிலிருந்து வருகிறது, குளோரைடும் அப்படியே. குளுக்கோஸ் பிரிவதே இல்லை, ஒன்று ஒன்றாகவே நிற்கிறது. 2002-க்கு முன்பு இதே பொட்டலத்தில் உப்பும் குளுக்கோசும் கூடுதலாக இருந்தன. அப்போது கூட்டுத்தொகை 311. அதைக் குறைத்ததற்குக் காரணம் முழுக்க முழுக்க இந்தப் பாடம்தான்: குடலுக்குள் இருக்கும் கரைசல் அவ்வளவு செறிவாக இருந்தால் அது நீரை உடலுக்குள் அனுப்புவதில் பின்தங்குகிறது. பொட்டலத்தை ஒரு லிட்டருக்குப் பதிலாக அரை லிட்டரில் கரைத்துக் கொடுக்கும் தாய்மாரிடம் நான் சற்றுக் கடிந்து பேசுவதும் இதனால்தான். 245 அங்கே 490 ஆகிவிடுகிறது.

சயா சொன்ன படிகநீர்ச் சிக்கல் எங்களிடமும் உண்டு. 5 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ் புட்டிகளில் சிலவற்றில் 252 என்றும் சிலவற்றில் 278 என்றும் அச்சிட்டிருப்பார்கள். இரண்டும் சரியே. ஒரு மூலக்கூறு நீரோடு கூடிய டெக்ஸ்ட்ரோசை 50 கிராம் எடுத்தால் 198-ஆல் வகுக்க வேண்டும். நீரற்றதை எடுத்தால் 180-ஆல் வகுக்க வேண்டும். புதிதாக வந்த உதவியாளர் ஒருவர் இதை அச்சுப்பிழை என்று நினைத்து ஒரு பெட்டியையே திருப்பி அனுப்பப் பார்த்தார்.


தௌஞ்ஜியிலிருந்து ஒருவர் எழுதியது:

பேகோ அண்ணன் சொன்ன சூத்திரத்தின் மேல் எனக்கு ஒரு முரண்பாடு உண்டு. சூத்திரம் தவறானதன்று, அதை எங்கே பயன்படுத்துவது என்பதில்தான் கவனம் தேவை.

அசிட்டிக் அமிலம் போன்ற வலிமை குறைந்த மின்பகுளிக்கு அது அப்படியே பொருந்தும். 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்தில் நூற்றுக்கு 1.3 மூலக்கூறுகளே பிரிந்திருக்கின்றன. மீதி உண்மையிலேயே முழு மூலக்கூறுகளாக இருக்கின்றன. எனவே காரணி 1.013, 27 டிகிரியில் அழுத்தம் 2.49 அட்மாஸ்பியர்; பிரியாமலே இருந்திருந்தால் 2.46. இங்கே பிரிகை வீதம் என்ற சொல்லுக்குப் பொருள் இருக்கிறது.

ஆனால் சோடியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு ஆகியவற்றின் நீர்த்த கரைசலில் "பிரியாத மூலக்கூறு" 15 விழுக்காடு கிடக்கிறது என்று படம் வரைந்தால் அது தவறான படம். உப்புகள் நீரில் அயனிகளாகப் பிரிகின்றன என்ற கொள்கையை ஆரீனியஸ் 1887-இல் வெளியிட்டபோது அவரும் அப்படித்தான் நினைத்தார்; வலிமைமிக்க மின்பகுளிகளில் அது பொருந்தவில்லை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஒரே ஒரு எண்ணைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள். 25 டிகிரியில் 3 மோலால் சோடியம் குளோரைடு கரைசலை அளந்தால் வாண்ட் ஹாஃப் காரணி 2.09 வருகிறது. பேகோ அண்ணனின் சூத்திரத்தில் இதை இட்டால் பிரிகை வீதம் 109 விழுக்காடு! நூறு பேர் உள்ள வகுப்பில் நூற்றொன்பது பேர் வெளியேறிவிட்டதாகச் சொல்வதற்கு இது ஒப்பாகும்.

நடப்பது வேறு. அயனிகள் எல்லாம் பிரிந்துதான் இருக்கின்றன. ஆனால் மின்சுமை உள்ளவை என்பதால் ஒன்றையொன்று கவனிக்காமல் திரிய முடியாது. ஒவ்வொரு நேர் அயனியைச் சுற்றியும் சராசரியில் எதிர் அயனிகள் சற்று மிகுதியாக நிற்கின்றன. அந்த மேகம் அதைப் பிடித்து இழுப்பதால், அது முழுச் சுதந்திரம் உள்ள துகளாகக் கணக்கில் நிற்பதில்லை. 1923-இல் டிபையும் ஹூக்கலும் இதை எண்ணாகக் கணக்கிட்டுக் காட்டினார்கள். மின்சுமை கூடக் கூட இழுப்பும் கூடும்; ஆகவேதான் இரண்டு நேர்மின்சுமையும் இரண்டு எதிர்மின்சுமையும் சந்திக்கும் மக்னீசியம் சல்பேட்டு அட்டவணையில் 1.3 என்று அவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது. அதில் சில அயனிகள் உண்மையிலேயே இணைகளாக ஒட்டிக்கொள்வதும் உண்டு. கரைசலை நீர்க்கச் செய்தால் அயனிகள் விலகிப்போகின்றன, இழுப்பு தளர்கிறது, காரணி முழு எண்ணை நோக்கி ஏறுகிறது. உறைநிலைத் தாழ்விலிருந்து (துகள்கள் கரைந்ததால் உறையும் வெப்பநிலை இறங்கும் அளவிலிருந்து) கண்ட மதிப்புகளைப் பாருங்கள்: சோடியம் குளோரைடு 0.1 மோலாலில் 1.87, 0.01-இல் 1.94, 0.001-இல் 1.97. மக்னீசியம் சல்பேட்டு அதே வரிசையில் 1.21, 1.53, 1.82. முழு எண் என்பது முடிவின்றி நீர்த்த கரைசலுக்கு உரியது. புத்தகக் கணக்கு அந்த எல்லையில் நின்று பேசுகிறது.

அப்படியானால் 3 மோலாலில் காரணி ஏன் 2-ஐத் தாண்டுகிறது என்று கேட்பீர்கள். அவ்வளவு செறிவில் அயனிகள் தம்மைச் சுற்றி நீர் மூலக்கூறுகளை இழுத்து நிறுத்திக்கொள்கின்றன. அயனிகளுக்கும் தமக்கென்று இடம் வேண்டும். உலவுவதற்கு எஞ்சும் நீர் குறைகிறது. ஈர்ப்பால் ஏற்பட்ட குறைவை இது ஈடுகட்டிவிட்டு மேலே போகிறது. நடைமுறையில் இவற்றையெல்லாம் சேர்த்து "சவ்வூடு பரவல் குணகம்" என்ற ஓர் எண்ணாக வைத்திருக்கிறார்கள். அயனிகளின் முழு எண்ணை இதனால் பெருக்கினால் அளந்த காரணி கிடைக்கும். மருந்தாளர் அக்காவின் உப்புநீருக்கு அது 0.93. அவருடைய 308-ஐ 0.93-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 286. அழுத்தமும் 7.84-இலிருந்து 7.29-க்கு இறங்கும். தங்கையின் கால்சியம் குளோரைடுக்கு அந்தச் செறிவில் குணகம் 0.86-ஐ ஒட்டி இருக்கும். ஆகவே ஆய்வகத்தில் 4.43-ஐ எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால் 3.8 அளவில்தான் கிடைக்கும். தேர்வில் 4.43 என்றே எழுதுங்கள். "முழுவதும் பிரிகிறது எனக் கொண்டு" என்ற வரியை வினாவிலேயே தந்துவிட்டார்கள்.


பேகோ பழைய மாணவன் எழுதியது:

109 விழுக்காடு என்றதும் என் வாதம் போயிற்று. ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எங்கள் தேர்வில் இன்றைக்கும் மக்னீசியம் குளோரைடின் பிரிகை வீதத்தைக் காண்க என்று கேட்கத்தான் செய்கிறார்கள். அந்த இடத்தில் 85 விழுக்காடு என்று எழுதாமல் டிபையைப் பற்றிக் கட்டுரை எழுதினால் மதிப்பெண் வராது. மாணவி இரண்டையும் தெரிந்து வைத்துக்கொள்ளட்டும்.


பியாப்போன் நெல்லுக்காரர் எழுதியது:

நான் வேதியியல் படித்தவன் அல்லன். உவர் ஏறிய வயலில் நின்றவன். மாணவி "அழுத்தம் எங்கே இருக்கிறது" என்று கேட்டதால் எழுதுகிறேன்.

2008 மே மாதம் 2ஆம் தேதி இரவில் நர்கிஸ் புயல் வந்தபோது கடல் எங்கள் வயலுக்குள் ஏறியது. நீர் வடிந்து, மழைக்காலத்தில் நட்ட பயிரைப் பார்த்தால், கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டே இலைகள் நுனியிலிருந்து வெளுத்து, குழல்போலச் சுருண்டிருந்தன. தண்ணீருக்குள் நிற்கும் நெல், தாகத்தில் காய்வதுபோல் காய்ந்தது. உப்பு நஞ்சாகிவிட்டது என்று என் தந்தையார் சொன்னார். நஞ்சும் உண்டு, ஆனால் அதற்கு முன்னால் வேரால் நீரை இழுக்க முடியவில்லை என்பதைப் பின்னர் வந்த வேளாண்மைப் பணியாளர் ஒருவர் விளக்கினார். கடல்நீரில் கிலோவுக்கு 35 கிராம் உப்பு. முழுவதையும் சோற்றுப்பு (சோடியம் குளோரைடு) என்று வைத்துக்கொண்டால் 0.6 மோல், மேலே சொன்ன கணக்கின்படி இரண்டால் பெருக்கி, 0.92 என்ற குணகத்தையும் போட்டால் 27 அட்மாஸ்பியர் வருகிறது. எந்த நெல் வேர் அதை எதிர்த்து நீரை இழுக்கும்?

எங்கள் சிக்கல் வேறு. மண்ணில் எந்த உப்பு எவ்வளவு இருக்கிறது என்று யாரும் நிறுத்துத் தருவதில்லை. அதனால் துகளை எண்ணும் வழி எங்களுக்குக் கிடையாது. மண்ணை நீரில் குழைத்துப் பிழிந்த சாற்றில் மின்கடத்துத்திறன் அளக்கும் கருவியை வைக்கிறோம். அது மீட்டருக்கு இத்தனை டெசிசீமன்ஸ் என்று காட்டும் எண்ணை 0.36-ஆல் பெருக்கினால் சவ்வூடு பரவல் அழுத்தம் தோராயமாக அட்மாஸ்பியரில் கிடைத்துவிடும் என்பது அமெரிக்க உவர்மண் ஆய்வகம் 1954-இல் வெளியிட்ட கையேட்டிலிருந்து வரும் வழிமுறை. நெல்லுக்கு 3 டெசிசீமன்சைத் தாண்டினால் விளைச்சல் குறையத் தொடங்கும், அதாவது 1.1 அட்மாஸ்பியர். அதற்கு மேல் ஒவ்வொரு டெசிசீமன்சுக்கும் நூற்றுக்குப் பன்னிரண்டு விளைச்சல் போகும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். மாணவியின் கால்சியம் குளோரைடு கரைசலில் என் நாற்றை நட்டால் என்ன ஆகும் என்று கேட்க வேண்டியதே இல்லை.

எனக்கு ஒரு கேள்வி: இந்தக் கருவியை மருந்தாளர் சொன்ன பொட்டலக் கரைசலில் வைத்தாலும் இதே கணக்கு ஒத்துவருமா?


மாந்தலை மருந்தாளர் எழுதியது:

ஒத்துவராது ஐயா. மின்னைக் கடத்துவது அயனிகள் மட்டுமே. 245 துகள்களில் 75 குளுக்கோஸ். கருவிக்கு அவை கண்ணில் படுவதே இல்லை. சவ்வுக்கோ குளுக்கோசும் ஒன்று, சோடியமும் ஒன்று. நாங்கள் அதனால்தான் உறைநிலையை வைத்து அளக்கும் கருவியைப் பயன்படுத்துகிறோம். அது துகளுக்கு மின்சுமை உண்டா என்று கேட்பதில்லை. உங்கள் வயலில் சர்க்கரை கிடையாது என்பதால் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.


மோல்மீன் மாணவி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தோழியிடம் 27-ஐப் பற்றிச் சொன்னேன்; நான் குளோரைடைத் தொலைத்ததை அவளும் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

புரிந்ததா என்று பார்க்க நானே ஒரு கணக்கு அமைத்துக்கொண்டேன். தவறிருந்தால் சொல்லுங்கள். கடையில் விற்கும் எப்சம் உப்பு ஏழு நீர் மூலக்கூறுகளோடு கூடிய மக்னீசியம் சல்பேட்டு. மோலார் நிறை 246.5. 12.3 கிராம் எடுத்து ஒரு லிட்டர் கரைசலாக்கினால் 0.05 மோலார். ஏழு நீர் மூலக்கூறுகளையும் துகளாக எண்ணவில்லை. சல்பேட்டை ஒன்றாகவே எண்ணினேன். முழுவதும் பிரிகிறது என்று வைத்தால் காரணி 2; 27 டிகிரியில் 2 × 0.05 × 0.08206 × 300 என்று பெருக்க 2.46. அட்டவணையில் உள்ள 1.3-ஐப் போட்டால் 1.60. இரண்டுக்கும் இடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. கால்சியம் குளோரைடில் அவ்வளவு குறையவில்லை, ஏனென்றால் இங்கே இரு பக்கமும் இரட்டைச் சுமை. நான் 0.05 மோலாரையும் 0.05 மோலாலையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டேன், அது சரியா?


இரங்கூன் டியூஷன் சயா எழுதியது:

இவ்வளவு நீர்த்த கரைசலில் சரிதான். ஒரு லிட்டர் கரைசலில் ஏறக்குறைய ஒரு கிலோ நீர் இருக்கிறது. தௌஞ்ஜி நண்பர் சொன்ன 3 மோலால் கரைசலில் அப்படி எடுத்துக்கொண்டால் பிழை கண்ணுக்குத் தெரியும். அட்டவணையில் உள்ள 1.3 உறைநிலையிலிருந்து கண்ட எண். அதாவது பூச்சியம் டிகிரியை ஒட்டியது. 27 டிகிரிக்கு அது சற்று மாறக்கூடும் என்பதால் 1.60-ஐ 1.6 என்று புள்ளிக்குப் பின் ஓர் இலக்கத்தோடு நிறுத்துவது நேர்மை, 1.3 என்ற எண்ணுக்கே இரண்டு இலக்கங்கள்தான் உண்டு.

மற்றபடி கணக்கு முழுவதும் சரி. ஆனால் 2.46, 1.60 இரண்டுக்கும் அலகு எழுதவில்லை.


மோல்மீன் மாணவி எழுதியது:

அட்மாஸ்பியர், சயா.